வாய்வழித் துப்பாக்கியும் மான் வேட்டையும்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

எனக்குச் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். பிழைக்கப் போன இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா. குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போவது அங்கே குளிர்கால வழக்கம், எனக்கும் தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பியதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள், மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே மானைச் சுடுவது குற்றம். வேட்டை பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த ஊர்ச் சங்கதி.

கோபியிலிருந்து: ஏனுங்கண்ணா, புதுத் துப்பாக்கி கடையிலேயே கிடைக்கும்போது எதுக்கு இந்தப் பழைய சாமான்?

முதல் காரணம் பருவம். பென்சில்வேனியாவில் 1974-லிருந்து, இந்த ரகத்தில் கல் பொறியால் வெடிக்கும் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்று தனியாக ஒரு வேட்டைப் பருவம் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும். மற்ற துப்பாக்கிக் கூட்டமெல்லாம் காட்டை விட்டுப் போயிருக்கும். இரண்டாவது, உள்ளே இருப்பது ஒரே குண்டு. விட்டால் போச்சு. அதனால் கை சும்மா விசைக்குப் போகாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

சென்னிமலையிலிருந்து: அது எப்படித்தான் வெடிக்குதுங்க?

நம்ம கோயில் நோம்பிக்கு அதிர்வேட்டுப் போடுகிறவரைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். அளந்த கருமருந்தைக் குழல் வாயில் கொட்டணும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கம்பியால் அடிவரை தள்ளணும். பக்கவாட்டில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் பொடி மருந்து கொஞ்சம். விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். கிண்ணத்து மருந்து பற்றி, துளை வழியாக உள்ளே தீ போகும்.

உயிர்ப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. குண்டு மருந்தோடு ஒட்டி உட்காரணும். நடுவில் இடைவெளி விட்டால் குழலே வெடிக்கலாம். அதனால்தான் சரியாகக் கெட்டித்த ஆழத்துக்குக் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் சுடக் கூடாது. புகையில்லா நவீன மருந்தை இதில் போடவே கூடாது. அந்த அழுத்தத்தைக் குழல் தாங்காது. இழுத்தும் வெடிக்கவில்லையா? ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிஷமாவது பேசாமல் நில்லுங்கள். தீ தாமதமாகப் போய் வெடிப்பதுண்டு. உடனே திருப்பி உள்ளே எட்டிப் பார்ப்பவனுக்கு முகம் மிஞ்சாது.

காங்கேயத்திலிருந்து: எவ்வளவு தூரம் அடிக்கலாம் மாமா?

உருண்டைக் குண்டுக்கு நூறு கஜம் தாண்டினால் நம்பிக்கை இல்லை மாப்ளே. நான் அதில் பாதியிலேயே நின்றுகொள்வேன். முன்னங்கால் சப்பைக்குப் பின்னால், நெஞ்சு நுரையீரல் இருக்கும் இடம்தான் குறி. சுட்டதும் வெண்புகை கண்ணை மறைத்துவிடும், மான் எந்தப் பக்கம் ஓடியது என்றே தெரியாது. ஓடிப் போய்த் துரத்தாமல் அரை மணி நேரம் காத்திருந்து, உதிர்ந்த மயிரையும் ரத்தத் துளியையும் பார்த்துப் போகணும். காயத்தோடு மானை விட்டுவிட்டுத் திரும்புகிறவனை அங்கே வேட்டைக்காரன் கணக்கில் சேர்ப்பதில்லை.

அரச்சலூரிலிருந்து: தீரன் சின்னமலை காலத்தில் இருந்தது இதே ரகமா?

அடிப்படை ஒன்றுதான். 1801-க்கும் 1804-க்கும் இடையில் காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் உங்கள் ஊரிலும் சண்டை நடந்தபோது கும்பினிச் சிப்பாய்களின் கையில் இருந்தது கல் பொறித் துப்பாக்கி. உள்ளே வழவழப்பான குழல், குறி அவ்வளவு துல்லியமாக இருக்காது. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் அதற்கு முன்பே நீளக் குழலுக்குள் சுழல் வரி போட்டு, குண்டைச் சுழலவிட்டு நேராகப் போக வைத்திருந்தார்கள். மான் வேட்டைக்கு அதுதான் தோது.

அந்தியூரிலிருந்து: மக்காச்சோளத்தை மான் தின்னுட்டுப் போகுதுங்க. நாட்டுத் துப்பாக்கி வெச்சு விரட்டினா என்ன தப்பு?

உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. பர்கூர் மலையடிவாரத்தில் வெள்ளாமை வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் சிறைதான். வெளிமானாக இருந்தாலோ, சரணாலயத்துக்குள் சுட்டாலோ 3 முதல் 7 ஆண்டு வரை போகும். உரிமம் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதே தனிக் குற்றம். அதற்கு 2 முதல் 5 ஆண்டு.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று: 1959 ஆயுதச் சட்டத்திலேயே, பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி உரிமம் தரலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த உரிமம் கையில் இருந்தாலும் மான்மேல் சுட அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி பற்றி 2025-ல் வந்த தமிழக அரசு முடிவைச் சிலர் இதோடு குழப்புகிறார்கள். அது காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிக்கு, அதுவும் வனத்துறை ஆட்கள் சுடுவதற்கு. பயிர் போனால் படம் எடுத்து வைத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கரண்ட் லைனிலிருந்து வேலிக்குக் கம்பி இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். யானையும் சாகும், மனுசனும் சாவான்.

தாராபுரத்திலிருந்து: அட்டாலியில தாத்தா துப்பாக்கி ஒண்ணு கிடக்குதுங்க. துடைச்சு மாட்டி வெக்கலாமா?

தொடாதீர்கள் கண்ணு. இந்த ரகத்தில் பல வருஷத்துக்கு முன் கெட்டித்த மருந்து உள்ளேயே கிடக்கலாம், இன்னும் வெடிக்கவும் செய்யலாம். தாத்தா பெயரில் உரிமத் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். தாள் கிடைத்தாலும் இல்லாவிட்டாலும் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வாரிசு உரிமம் கேட்பது வேறு விஷயம்.

கோவையிலிருந்து: வேலைக்கு அமெரிக்கா போறேன்ணா. நானும் வேட்டைக்குப் போகலாமா?

பயிற்சி வகுப்பு முடித்து உரிமம் வாங்கினால் போகலாம். கருமருந்து போட்டுச் சுடும் வாய்வழித் துப்பாக்கியை அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், விசா நிலையையும் பார்க்கணும். அதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதே தம்பி.

பொள்ளாச்சி அத்தை ஒருவர்: கறி எப்படி இருக்கும் சாமி? விப்பாங்களா?

விற்கக் கூடாதுங்க அத்தை, அங்கேயும் சட்டம் விடாது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், இல்லாதவர்களுக்குத் தானமாகக் கொடுக்கலாம். கொழுப்பே இருக்காது, அதனால் சீக்கிரம் வறண்டுபோகும். நான் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாராளமாகப் போட்டு, நல்லெண்ணெயில் மூடி வைத்து வேகவிடுவேன். தேங்காய்த் துண்டு கடைசியில்தான்.