கேளுங்க, சொல்றோம்: டிரம்மில் லேபிள் இருந்தால் போதுமா?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் அண்ணா. டிரம்மிலிருந்து ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), அசிட்டோன் இரண்டையும் சின்ன ஸ்பிரே பாட்டில்களில் ஊற்றித் தருகிறார்கள். பாட்டிலில் ஓர் எழுத்துகூட இருக்காது. கேட்டால், "அதான் டிரம்மில் லேபிள் இருக்கே" என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா? – வாசகி, பினாங்கு

பதில்: சரியில்லை தங்கச்சி. டிரம்மில் இருப்பது சப்ளையர் ஒட்டிய லேபிள். ரசாயனம் எந்த வகை ஆபத்து என்று வகைப்படுத்தி, மலாய், ஆங்கிலம் இரண்டிலும் லேபிள் ஒட்டி, பாதுகாப்புத் தகவல் தாளும் கொடுக்க வேண்டும் என்று மலேசியாவில் 2013-இல் வந்த கிளாஸ் (CLASS) விதிமுறை தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் கட்டியிருக்கிறது. அதையே உங்கள் தொழிற்சாலைக்குள் வேறு பாட்டிலில் ஊற்றினால், அந்தப் பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட வேண்டியது முதலாளி. இது 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற தனி விதிமுறை.

ஐபிஏவும் அசிட்டோனும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். "வெறும் ஆல்கஹால்தானே" என்று சொல்பவர்கள் லேபிளைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. இரண்டுக்கும் மலாயில் 'பஹாயா' (ஆபத்து) என்றுதான் போட்டிருக்கும், அது 'அமாரான்' (எச்சரிக்கை) என்பதைவிடக் கடுமையான சொல். சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று, அதாவது சட்டென்று தீப்பிடிக்கும், கண்ணை எரிக்கும், ஆவி தலையைச் சுற்ற வைக்கும். இதைவிட எனக்குப் பயம், கிளீனிங் ஆட்கள் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பிளீச்தான். யாராவது அதைக் குடித்துத் தொலைக்கலாம், இல்லாவிட்டால் பெயர் தெரியாமல் ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரோடு சேர்த்து ஊற்றலாம், ஊற்றினால் குளோரின் வாயுதான் கிளம்பும்.

யாரிடம் கேட்பது? 2024 ஜூன் 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு அதிகாரி இல்லையென்றால் ஓர் ஒருங்கிணைப்பாளராவது இருக்க வேண்டும். அவரிடம் தகவல் தாளைக் கேளுங்கள். 16 பகுதி இருக்கும், மலைக்காதீர்கள். 2-இல் ஆபத்து, 4-இல் முதலுதவி, 8-இல் என்ன கையுறை, என்ன கண்ணாடி என்று இருக்கும், இப்போதைக்கு அது போதும். அப்புறமும் அசையவில்லையா, வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறையான ஜேகேகேபியில் (JKKP) புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்த சட்டம் இடம் கொடுக்காது.

கேள்வி: எங்கள் ஸ்டோரில் ஒரு டின்னில் ஆரஞ்சு சதுரத்துக்குள் கறுப்புப் படம் இருக்கிறது. இது என்ன லேபிள்? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: 1997 விதிமுறைக் காலத்து லேபிள். 2013-இல் அந்த விதிமுறையே போய்விட்டது. சப்ளையரிடம் புது லேபிளும் தாளும் கேளுங்கள். அத்தனை வருஷமாக அந்த டின் ஏன் அங்கேயே இருக்கிறது என்றும் யாராவது பார்த்தால் நல்லது.