வேலையில் இருந்துகொண்டே சொந்த வியாபாரம் தொடங்கலாமா?

கேள்வி: உரமும் பூச்சிமருந்தும் விற்கும் தனியார் நிறுவனத்தில், மன்னார்குடி வட்டாரத்தில் களப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் நிலத்தில் விளையும் மாப்பிள்ளைச் சம்பாவை அரிசியாகவும் அவலாகவும் விற்க விரும்புகிறேன். பிறகு இயற்கை உரமும் விற்கும் எண்ணம் உண்டு. பணியில் இருக்கும்போதும், விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கும் வேறு தொழில் எதுவும் செய்யக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. மனைவி பெயரில் தொடங்கினால் சிக்கல் வராதல்லவா?

பதில்: வரும். கடை யார் பெயரில் இருந்தாலும், கொள்முதலும் பேரமும் நீங்களே செய்தால் அது உங்கள் தொழில்தான். மறைத்ததும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்ந்துகொள்ளும்.

அந்த நிபந்தனையின் இரு பகுதிகளும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, முறையான தொழில் எதையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்தத் தடையைப் பொறுத்தவரை சட்டப்படி செல்லாது என்கிறது. ஆகவே, விலகிய பிறகான இரண்டு ஆண்டுத் தடையை எண்ணி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கோலிகாரி என்ற ஊழியரின் வழக்கில் ஏற்றுக்கொண்டது. இன்று உங்களைக் கட்டுவது அதுதான்.

அரிசியும் அவலும் நிறுவனத்தின் சரக்குக்குப் போட்டியல்ல என்பதால், சொந்த நிலத்து விளைச்சலை விடுமுறை நாட்களில் விற்க அனுமதி கேட்டு மேலாளருக்கு எழுதுங்கள். வாய்மொழியாகச் 'சரி, செய்யுங்கள்' என்றால் போதாது, அந்த மேலாளர் நாளை வேறு ஊருக்கு மாறிப் போய்விடுவார்; பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். இயற்கை உரம் நேரடிப் போட்டி, ஆதலால் வேலையை விடும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

நான் பெரிதும் கவலைப்படுவது விவசாயிகளின் பட்டியலைப் பற்றித்தான். எந்த ஊரில் யார் எத்தனை மா நிலத்தில் குறுவை நட்டார், எவ்வளவு கடன் பாக்கி என்று நிறுவனத்துக்காக நீங்கள் குறித்துவைத்த விவரங்கள் நிறுவனத்தின் இரகசியத் தகவலாகக் கருதப்படலாம். விலகிய பின்னும் அவற்றைப் பயன்படுத்தினால் வழக்குக்கு இடமுண்டு. வேலை நேரத்தில் உரம் பரிந்துரைக்க வரப்பில் இறங்கிய நீங்கள், அதே விவசாயியிடம் அவல் பொட்டலத்தை நீட்டுவது அவரையும் சங்கடத்தில் ஆழ்த்தும்.

அரிசி, அவல் விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. கடை வைத்து விதைநெல்லாக விற்பதானால் விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி உரிமம் வேண்டும். அந்த விண்ணப்பங்களில் நிறுவனம் கொடுத்த கைபேசி எண்ணைக் குறிப்பிடாதீர்கள்.