ரேடியோ கண்ட்ரோல் விமானத்தைப் பறக்கவிடும் முன் எய்லரான், எலிவேட்டர், ரடர் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் அசையும் பரப்புகள் இவை: இறக்கைகளின் பின்விளிம்பில் எய்லரான், வாலின் கிடைமட்டப் பகுதியில் எலிவேட்டர், செங்குத்துப் பகுதியில் ரடர். பலரும் டிரான்ஸ்மிட்டரின் (கையில் பிடிக்கும் ரிமோட்) ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டிவிட்டு, எல்லாம் அசைகிறது, சரி என்று கிளம்பிவிடுகிறார்கள். எய்லரான் எதிர்த்திசையில் வேலை செய்தாலும் அசையத்தான் செய்யும். எந்தப் பக்கம் அசைகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மின்மோட்டார் விமானம் என்றால் வீட்டில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டர், அப்புறம்தான் விமானத்தின் பேட்டரி. டிரான்ஸ்மிட்டர் திரையில் இந்த விமானத்தின் பெயர்தான் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாலுக்குப் பின்னால் நின்று, விமானம் பார்க்கும் திசையையே பாருங்கள். மூக்குப் பக்கம் நின்றால் இடம் வலம் குழம்பும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வர வேண்டும். ரடர் சுலபம், ஸ்டிக் போகும் பக்கமே போகும். ஏமாற்றுவது எய்லரான்தான். ஸ்டிக் பக்கவாட்டில் போகிறது, எய்லரானோ மேலும் கீழும் போகிறது. அதனால் தப்பு கண்ணில் உறுத்துவதில்லை. ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது எய்லரான் எழ வேண்டும், இடது தாழ வேண்டும். ஸ்டிக் சாயும் பக்கத்து எய்லரான் எழும் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். நான் இதை வாய்விட்டுச் சொல்லியபடியே பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஜைரோ (விமானம் சாய்வதை உணர்ந்து தானே திருத்தும் கருவி) பொருத்தியிருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஜைரோவை ஆன் செய்து, விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாயுங்கள். இப்போது வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும், அப்போதுதான் அந்த இறக்கையைத் தூக்கும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே போக வேண்டும். ஸ்டிக் சரியாக வேலை செய்து, ஜைரோ மட்டும் எதிர்ப்பக்கம் திருத்துவது நடக்கக்கூடியதே. அப்படியே பறக்கவிட்டால், கொஞ்சம் சாய்ந்ததுமே ஜைரோ இன்னும் சாய்த்துவிடும்.

மற்றதெல்லாம் கைவேலை. ஒவ்வொரு பரப்பையும் விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், கீல் கழன்றுவருகிறதா என்று தெரியும். ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிப் பிடியுங்கள். செர்வோ (பரப்பை அசைக்கும் சின்ன மோட்டார்) விடாமல் இரைந்தால் லிங்கேஜ் (செர்வோவையும் பரப்பையும் இணைக்கும் கம்பி) எங்கோ முட்டுகிறது. ஸ்டிக்கை விட்டதும் பரப்பு ஒவ்வொரு தடவையும் அதே நடுநிலைக்குத் திரும்ப வேண்டும்.

திசைச் சோதனையை ஒவ்வொரு தடவை பறக்கும் முன்பும் செய்யுங்கள். இறக்கையைக் கழற்றி மாட்டினாலோ செர்வோவை மாற்றினாலோ மேலே சொன்ன அத்தனையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு எய்லரான் ஒயர்கள் இடம் மாறிப்போவதும், புது செர்வோ எதிர்ப்பக்கம் சுற்றுவதும் அந்த நேரத்தில்தான்.