ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, நான்கு லென்ஸ் எதற்கு?

கேள்வி: கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் ஒன்றும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எடுத்துப் பழகி, இப்போது வெளியாட்கள் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறார்கள். தொழிலாகச் செய்பவர்கள் இரண்டு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையில் மூன்று நான்கு லென்ஸோடு வருகிறார்கள். ஒரு 18-300 ஜூம் வாங்கிவிட்டால் அதுவே எல்லாவற்றுக்கும் போதாதா? போதாது என்றால் முதலில் எதை வாங்குவது?

பதில்: கெட்டிமேளம் முழங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். அதற்குள் தாலி பிடித்த கை, குனிந்த பெண்ணின் முகம், பின்னால் நின்று முடிச்சுப் போடும் நாத்தனார், பறந்து வரும் அட்சதை எல்லாம் வேண்டும். மணவறைக்குக் கீழே கண் கலங்கி நிற்கும் பெண்ணின் அம்மாவும் வேண்டும். முன்னவற்றை ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 24 முதல் 70 மி.மீ.க்குள் எடுத்துவிடலாம். மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அதனால் அம்மாவின் முகத்துக்கு 135 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். பழகிய கைக்கே லென்ஸ் மாற்றப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அவ்வளவு நேரம் அங்கே கிடையாது. அதனால்தான் ஒரு பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) 24-70, இன்னொன்றில் 70-200. ஒன்றைக் கீழே விட்டு மற்றதைக் கண்ணுக்குக் கொண்டுவர ஒரே விநாடி.

தூரத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் கேட்ட 18-300 இதையெல்லாம் எட்டிப் பிடித்துவிடும். வெளிச்சத்தில்தான் கைவிடும். அந்த வகை லென்ஸ்கள் நீளும்போது திறப்பு எஃப் 6.3க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்). எஃப் 2.8 லென்ஸ் அதைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 2.8இல் 1/200 விநாடி ஷட்டருக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 2500 போதுமான இடத்தில், எஃப் 6.3க்கு 12,800 வைக்க வேண்டியிருக்கும். கிராப் சென்சாரில் அந்த அளவுக்கு ஏற்றினால் பட்டுப்புடவையின் ஜரிகை குழைந்து போகும், முகத்தில் புள்ளி தெறிக்கும். ஐஎஸ்ஓவை ஏற்றாமல் ஷட்டரை 1/40க்கு இறக்கினால் கை அசைவு கோடாக இழுபடும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரில் நகரும் ஆளை நிறுத்தாது.

வீடியோக்காரரின் லைட்டை நம்பியும் இருக்க முடியாது. அது மணவறைக்கு அடிக்கிற லைட், கீழே நிற்கும் அம்மாவின் முகத்தில் விழாது. இன்னொன்று, டிஎஸ்எல்ஆர் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்துத்தான் ஃபோகஸ் தேடும். வெளிச்சம் குறைவாக வரும் லென்ஸில் அது முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்க, முடிச்சு விழுந்துவிடும். பகலில், வெட்டவெளியில், ஊர் சுற்றப் போகும்போது 18-300 நல்ல லென்ஸ்தான். மண்டபத்துக்குள் வேண்டாம்.

அடுத்தது முகம். ஒரு முகம் படத்தில் எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். 18 மி.மீ.யில் இரண்டு அடிக்குள் போய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னே ஓடிவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று அதே முகத்தை நிரப்பினால் இயல்பாக இருக்கும். ஃபுல் ஃப்ரேம் வைத்திருப்பவர்கள் 85 மி.மீ. ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்குவது இதற்காகத்தான். உங்கள் கிராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும், நிக்கான் என்றால் 75க்கும் கேனான் என்றால் 80க்கும் சமம். மேடையில் குடும்பத்தோடு நிற்கும் குரூப் போட்டோவுக்கும் இதே கணக்கு. இடம் இருந்தால் பின்னால் நகர்ந்து உங்கள் லென்ஸை 24க்கு மேல் வைத்து எடுங்கள். 18இல் எடுத்தால் இரு ஓரத்திலும் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகிவிடுவார்கள். எடுத்துக் கொடுத்த பிறகு அதைச் சரிசெய்வது கடினம்.

எஃப் 1.8 ப்ரைம் வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறும் உண்டு. கிராப் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால், துல்லியமாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். பெண்ணின் கண் தெளிவாக இருக்கும், அரை அடி பின்னால் இருக்கும் மாப்பிள்ளை மங்கிவிடுவார். ஒருவர் மட்டும் என்றால் எஃப் 2. இருவர் என்றால் எஃப் 4க்குப் போய், அவர்கள் முகம் ஒரே நேர்கோட்டில் வரும்படி நீங்கள் நகர்ந்து நில்லுங்கள். இரண்டு வரிசை குரூப்புக்கு எஃப் 5.6 அல்லது 8, கூடவே ஃப்ளாஷ். நான்காவதாகப் பையில் கிடக்கும் 100 மி.மீ. மேக்ரோ (சின்னப் பொருளை மிக அருகில் எடுக்கும் லென்ஸ்), மோதிரம், தாலி, மருதாணி விரல் ஆகியவற்றுக்கு. அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

இரண்டாவது பாடிக்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கேமரா நின்றுவிட்டால் முகூர்த்தம் காத்திருக்காது. ஷட்டர் தேய்கிற பொருள். கேனான் 5டி மார்க் 4க்கு 1,50,000 தடவை, நிக்கான் டி850க்கு 2,00,000 தடவை என்று தயாரிப்பாளர்கள் சோதனைக் கணக்கு சொல்கிறார்கள். விலை குறைந்த பாடிகளுக்கு இதைவிடக் குறைவு. ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து 3,000 கிளிக் என்றால், ஆண்டுக்கு 40 கல்யாணத்தில் 1,20,000 ஆகிவிடும். அந்த எண்ணுக்கு முன்பே போகலாம், தாண்டியும் ஓடலாம். ஆனால் எந்தக் காலையில் போகும் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொண்ட வேலைக்கு ஒற்றை பாடியோடு போவது தவறு என்பதே எங்கள் உறுதியான கருத்து. உங்கள் கேமராவில் ஒரே கார்டு ஸ்லாட்தான் இருக்கும் என்றால், ரிசப்ஷன் ஒரு கார்டிலும் முகூர்த்தம் வேறு கார்டிலும் இருக்கட்டும். இரவே மடிக்கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், வீடு திரும்பும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

இரண்டு பாடி எடுத்துப்போனால் கிளம்புமுன் இரண்டிலும் கடிகாரத்தை விநாடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். நான்கு நிமிடம் வித்தியாசம் இருந்தாலும், கணினியில் நேர வரிசைப்படி அடுக்கும்போது தாலி கட்டிய பிறகு கூறைப்புடவை தட்டு வரும். பிறகு ஆயிரக்கணக்கான படங்களைக் கையால் பிரிக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் இரண்டிலும் ஒரே கெல்வின் எண்ணை வைத்து, ரா (கேமரா பதப்படுத்தாத) வடிவத்தில் எடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒரே அரக்குப் புடவை ஒரு கேமராவில் சிவப்பாகவும் மற்றதில் பழுப்பாகவும் வரும். மலிவான எல்இடி விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். படத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை கேமரா) வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அங்கே அணைத்துவிட வேண்டும், அதில் பட்டை இன்னும் அதிகமாக விழும்.

லென்ஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹோமப் புகைக்குப் பக்கத்தில் வேண்டாம். கேமராவை அணைத்து, வாயைத் தரையைப் பார்த்துப் பிடித்து, அடுத்த லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்து மாற்றுங்கள். சென்சாரில் விழுந்த தூசி எஃப் 2.8இல் கண்ணுக்குப் படாது. எஃப் 8க்கு மேல் எடுத்த குரூப் போட்டோவில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறையாக நிற்கும்.

இனி, எதை வாங்குவது. முதலில் உங்கள் பழைய படங்களில் நன்றாக வந்த ஐந்நூறை எடுத்து, எந்த மி.மீ.யில் எடுத்தவை என்று பாருங்கள். லைட்ரூம் போன்ற மென்பொருளில் இதை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பாதிக்கு மேல் 18இல் குவிந்தால் அகலம்தான் உங்கள் தேவை. 55இல் குவிந்தால் இன்னும் நீளம் வேண்டும். எப்படி இருந்தாலும் முதல் வாங்கல், டாம்ரான் அல்லது சிக்மாவின் 17-50 எஃப் 2.8. கிட் லென்ஸின் அதே அகலம், 50 மி.மீ. முனையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சம். இரண்டாவது, அதே மவுன்ட்டில் (லென்ஸ் மாட்டும் வாய்), முடிந்தால் அதே பேட்டரி போடும் பழைய பாடி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில். மூன்றாவது, 50 மி.மீ. எஃப் 1.8. 70-200 எஃப் 2.8 ஒன்றரை கிலோ வரை கனக்கும், விலையும் அதிகம். மாதத்துக்கு இரண்டு மூன்று வேலை நிலையாக வரும்வரை வாடகைக்கு எடுங்கள்.

இப்போது வாங்கும் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் நாளைக்கு வீணாகுமா என்று தயங்க வேண்டாம். கேனான் இஎஃப் மவுன்ட்டில் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மி.மீ. தள்ளி நிற்கும், மிரர்லெஸ் ஆர்எஃப்பில் 20 மி.மீ. நடுவில் இருக்கும் 24 மி.மீ. இடத்தை அடாப்டர் நிரப்பிவிடும். அதனால் பழைய லென்ஸ் புதிய பாடியில் மாட்டும், புதிய லென்ஸ் பழைய பாடியில் மாட்டாது. நிக்கான் வைத்திருப்பவர்கள் மட்டும், உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைத் தவிருங்கள். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அவற்றுக்கு ஆட்டோ ஃபோகஸ் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை வாங்குமுன் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முழுதாகத் திறந்து ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து, இடதும் வலதும் ஒரே கூர்மையா என்று சோதியுங்கள். பாடி என்றால் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள், எஃப் 16இல் வானத்தை எடுத்துச் சென்சார் கறையைப் பாருங்கள். கடலோர ஊர் என்றால் வாங்கியதை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் பெட்டியில் வையுங்கள்.

முகூர்த்தம் விடியற்காலை என்றால் லாட்ஜில் ஏசி அறையில் பையைத் திறந்து வைத்துத் தூங்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடி மண்டபத்துப் புழுக்கத்தில் பனி மூடியதுபோல் ஆகிவிடும். துடைத்தாலும் உடனே திரும்ப மூடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னதாக வெளியே கொண்டுவந்து வைத்து, அதன் பிறகு திறங்கள்.