25 வருட டிரான்ஸ்பார்மர், ஆயில் டெஸ்ட்டில் பிடிவி (எந்த வோல்டேஜில் ஆயில் தாங்காமல் உடைகிறது என்ற அளவு) 60 கேவி வந்திருக்கிறது. இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. "60 வந்திருக்கே, இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று உங்கள் மேனேஜர் சொல்லியிருப்பார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் சந்தேகம் சரியானது. அந்த 60 ஆயிலைப் பற்றியது மட்டும்தான்.

பிடிவி டெஸ்ட்டில் 2.5 மி.மீ. இடைவெளியில் ஆயில் எத்தனை கேவி தாங்குகிறது என்று பார்க்கிறோம். ஈரமும் நார்த்தூசியும் இருந்தால் அது இறங்கும். ஃபில்டர் மெஷினை ஓட்டினால் பழைய ஆயிலிலும் ஏறிவிடும். காயிலில் சுற்றிய பேப்பரும் இன்சுலேஷன்தான், அதற்கு அப்படி ஒரு மெஷின் கிடையாது. புதுப் பேப்பரின் டிபி, அதாவது செல்லுலோஸ் சங்கிலியின் நீளம், 1000-க்குப் பக்கத்தில் இருக்கும். 200-க்கு வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது என்றே கணக்கு. சூடு, ஈரம், ஆக்சிஜன், ஆயிலில் உண்டாகும் அமிலம் எல்லாம் சேர்ந்து அதை அறுக்கின்றன. சாதாரணப் பேப்பரில் ஹாட் ஸ்பாட், அதாவது காயிலில் அதிகம் சூடாகும் இடம், 98 டிகிரியைத் தாண்டினால், ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பு வேகம் இரட்டிப்பாகும் என்பது ஐஇசி (சர்வதேச மின் தர அமைப்பு) கணக்கு.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் இதே நிலைமை. பிடிவி நன்று, மெக்கர் (இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட்) நன்று. ஃபில்டர் வண்டி வாசலில் நிற்கிறது. அதை இணைப்பதற்கு முன்னால் ஃபியூரானுக்குச் சாம்பிள் எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். பேப்பர் சிதையும்போது ஆயிலில் கரைவது ஃபியூரான். ஃபில்டர் போட்டால் கரைந்த வாயுக்கள் போய்விடும், ஃபியூரானும் குறையும். டிரான்ஸ்பார்மரின் சரித்திரமே அழிந்த மாதிரி. ரிசல்ட் 4 பிபிஎம்-ஐத் தாண்டி வந்தது. ஃபியூரானிலிருந்து டிபியைக் கணிக்கும் சூத்திரத்தில் போட்டால் டிபி 250 சுமார். சூத்திரத்துக்குச் சூத்திரம் இது மாறும், தெரியும். அதை மட்டும் நம்பி யாரையும் பயமுறுத்தவில்லை. ரீவைண்டிங்குக்கு, அதாவது புதிதாகச் சுற்ற, காயிலை வெளியே தூக்கியபோது அதன் மேல் டிஸ்க்குகளின் (அடுக்குகளின்) பேப்பர் கரும்பழுப்பாக இருந்தது, மடித்ததும் ஒடிந்தது.

பிறகு மெக்கர் எப்படிப் பாஸானது? ஒடியும் பேப்பரும் இருந்த இடத்தில் அசையாமல் இருக்கும்வரை வோல்டேஜைத் தாங்கும். வெளியே ஃபீடரில் ஷார்ட் வந்து கரண்ட் பத்து மடங்கானால் காயிலில் விசை நூறு மடங்கு. அப்போதுதான் பேப்பர் கிழிந்து காயிலில் டர்னுக்கு டர்ன் (சுற்றுக்குச் சுற்று) ஷார்ட் ஆகும்.

ரீவைண்டிங்கில் நான் கேட்டு வாங்கியவை: 110 டிகிரி ஹாட் ஸ்பாட்டுக்கான பதப்படுத்திய பேப்பர், உலர்த்தியபின் ஈரம் 0.5 சதவீதத்துக்குள், எச்வி-எல்வி (உயர், தாழ் வோல்டேஜ் காயில்கள்) நடுவே ஆயில் இடைவெளியைச் சிறுசிறு சந்துகளாகப் பிரிக்கும் பிரஸ்போர்டு (அழுத்திய கெட்டி அட்டை) உருளைகள். பிரஸ்போர்டைவிட ஆயிலின் பெர்மிட்டிவிட்டி (மின்புலத்தில் மின் ஆற்றலைச் சேர்த்துவைக்கும் திறன்) பாதிதான், அதனால் மின்புல அழுத்தம் ஆயிலில்தான் கூடும். சந்து குறுகினால் மில்லிமீட்டருக்கு அது தாங்கும் கேவியும் கூடும்.

பிடிவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது மட்டும் போதாது என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு லீவு விட்டால்தான் மில்லில் ஷட்டவுன் கிடைக்கும். ஊரெல்லாம் பண்டிகை கொண்டாடும்போது டெஸ்டிங் பையன்கள் டேங்க் மேல் நின்றிருப்பார்கள். ஒப்பந்தக் கூலியில் அந்த நாளுக்கு ஒரு ரூபாய் கூடச் சேராது, ரிப்போர்ட்டில் பெயரும் வராது. இத்தனை வருடத்தில் இதை எந்த மேனேஜரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்துக்கு: ஃபில்டர் போடும் முன் ஃபியூரான், டிஜிஏ (ஆயிலில் கரைந்த வாயுக்களைப் பார்க்கும் டெஸ்ட்) இரண்டுக்கும் சாம்பிள் எடுங்கள். ஈரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். லோடில் சூடாக இருக்கும்போது எடுத்து, ஆயில் டெம்பரேச்சரைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். ஆறினால் ஈரம் பேப்பருக்குத் திரும்பிவிடும், ரிப்போர்ட் அநியாயத்துக்கு நன்றாக வரும்.