மலேசிய வருமான வரிப் படிவத்தில் ஒரே பிள்ளைக்குக் கணவன், மனைவி இருவரும் விலக்கு கேட்கலாமா? உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி போட்டிருப்பதாகச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள்.

முடியாது. நீங்களும் வீட்டுக்காரரும் தனித்தனியாகக் கணக்குக் காட்டுவதால், ஒரு பிள்ளை ஒருவர் படிவத்தில் மட்டும்தான் வரவேண்டும். மூத்தவன் அவருக்கு, சின்னவள் உங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் 50% கட்டத்தைப் பார்த்துத்தான் ஆளுக்குப் பாதி போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது விவாகரத்தான பெற்றோர் போன்றவர்களுக்கு. உங்களுக்கு 100% கட்டம்தான்.

யார் பெயரில் போட்டால் லாபம்? 18 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு பிள்ளைக்கு 2,000 வெள்ளி விலக்கு. அவருடைய கடைசிப் படி, அதாவது வருமானத்தின் மேல்பகுதிக்கு விழும் வரி விகிதம், 11% என்றால் வரியில் 220 வெள்ளி மிச்சம். நீங்கள் 6% படியில் இருந்தால் 120தான். கணக்கு அவ்வளவுதான்.

கையொப்பமிடும் முன் இரண்டு படிவத்தையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகள் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் வந்தால் தப்பு. மேலே இருக்கும் பெயரையும் பாருங்கள். செந்தூலில் எங்கள் வீட்டில் நால்வர் கணக்கையும் ஒரே மடிக்கணினியில் நான்தான் செய்கிறேன். வரிப் படிவம் அனுப்பும் இணையத்தளமான மைடெக்ஸிலிருந்து வெளியேற மறந்து, அம்மாவின் எண்களைத் தம்பி படிவத்தில் தட்டிக்கொண்டிருந்தேன் ஒரு முறை!

ஒன்று: ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அப்படியே விடாதீர்கள், மைடெக்ஸில் திருத்த விண்ணப்பம் போடுங்கள். அப்புறம், இருவர் வருமானத்தையும் சேர்த்து ஒரே கணக்காகக் காட்டும் கூட்டு மதிப்பீட்டுக்கு மாறினால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.