பாரதியார் யானை மிதித்துத்தான் இறந்தாரா?

இல்லை. வீட்டில் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டி வந்திருக்கும், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இந்தக் கேள்வி அப்படித்தான் வந்தது.

போன வருடம் என் மகள் எட்டாம் வகுப்பு. பாரதி நினைவு நாளுக்குப் பள்ளியில் போட்டி. நானும் அவளும் மூன்று இரவு உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தோம். 1921 ஜூனில் பாரதியார் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானைக்கு வழக்கம்போலத் தின்னக் கொடுக்கப் போனார், அது தள்ளிவிட்டது. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்து போய்த் தூக்கி வந்தார். காயம் ஆறி மறுபடி சுதேசமித்திரன் பத்திரிகைக்கு வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையம் நூலகத்தில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு. மருந்து வேண்டாம் என்றார். 11ஆம் தேதி நள்ளிரவு தாண்டி உயிர் போனது. இதைத்தான் அவள் மேடையில் சொன்னாள்.

நடுவராக வந்தவர் மைக்கிலேயே, “யானை மிதிச்சுத்தான் பாரதியார் இறந்தார்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். தப்பான தகவல் சொல்லக் கூடாதும்மா” என்றார். கீழே இறங்கி வந்தவள், “நாம சரியாத்தானேம்மா சொன்னோம்?” என்று கேட்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பரிசு கிடைக்காத ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். யானை அடித்த அதிர்ச்சியில்தான் உடம்பு தளர்ந்தது என்றும் வாதம் வரும். தளர்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த உடம்பு அதற்கு முன்பே வறுமையிலும் சிறையிலும் நைந்துபோயிருந்தது. அவருக்கு அப்போது 38 வயதுதான். எல்லாப் பழியையும் யானை மேல் போட்டுவிட்டால், அந்த வறுமையை யாரும் பேச வேண்டியதில்லை. தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிட வேண்டும் என்று திட்டம் போட்டுப் பணம் கேட்டு எழுதியவர் அவர். கேட்ட பணம் வரவில்லை. எனக்கு யானையை விட இதுதான் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று முதல் பரிசு வாங்கிய பையனுக்கு ஒட்டு மீசை, முண்டாசு, கறுப்புக் கோட்டு. நன்றாகப் பேசினான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேடத்துக்கு மதிப்பெண் என்றால் மாறுவேடப் போட்டி என்று அறிவித்துவிடலாமே? வாடகைக்கு வேடம் எடுக்க எல்லார் வீட்டிலும் காசு இருக்குமா? நடுவராக வருகிறவர்கள் போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாவது கேட்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை பேசுவதாக இருந்தால் ஜூன், செப்டம்பர் இரண்டு மாதங்களையும் அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், கடைசி இரவில் அவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆபீசுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றாராம். இந்த வருடம் என் மகள் அதையும் சேர்த்து, அதே மேடையில் மறுபடி பேசப் போகிறாள்.